டப்பாவில் கை விட்டால்

செவ்வாய்க்கிழமை, இரவு எட்டரை.
மொந்தெவிதேயோவில் ஒரு சலவைக்கடையின் பின்னறை.
ஐந்து பேர், ஒரு பிஸ்கட் டப்பா.
டப்பாவுக்குள் நாங்களே எழுதி மடித்துப்போட்ட சீட்டுகள்.
கடைச் சாவி நயீரிடம்,
அதனால் அவள்தான் தலைவி;
மற்றபடி எங்களைப் போலவே தடுமாறுகிறவள்.

போன வாரச் சீட்டு:
"ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்.
மன்னிப்பு என்ற சொல் வரக்கூடாது.
மழையும் வரக்கூடாது."
மழைக்குத் தடை வில்டெருக்காக.
அவன் கதையில் யார் அழுதாலும்
வானம் முந்திக்கொள்ளும்.
பேருந்து நடத்துநர் அவன்,
பயணச்சீட்டின் முதுகில்தான் முதல் வரைவு.
அன்று எழுதினான்:
ஒருத்தன் அண்ணன் வீட்டுக்குப் போய்
யாரும் சொல்லாமலே குழாயைப் பழுதுபார்க்கிறான்.
குழாய் ஒழுகவே இல்லை என்பது கடைசி வரி.

வாசித்து முடித்ததும்
உலர்த்தி இயந்திரத்தில் யாருடைய பொத்தானோ
டக், டக் என்று சுற்றியது கேட்டது.
"கடைசி வரியை அடி" என்றாள் நயீர்.
அடித்தான்.
குழாய் இன்னும் நன்றாக ஒழுகாமல் இருந்தது.

இன்று கை விட்டது நான்.
"நீ ஜெயித்த சண்டை ஒன்றை
எதிராளியின் கண்ணால் எழுது.
இருபது நிமிடம்.
அவரை முட்டாளாக்கினால் மறுபடி முதலிலிருந்து."

எனக்கா பஞ்சம்?
கெர்வாசியோ போன இரவை
பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன்,
சொல்லிச் சொல்லி விளிம்பு மழுங்கி
கைக்கு அடக்கமாகிவிட்டது:
பதினாலு வருடக் குடித்தனத்திலிருந்து
அவன் எடுத்துப்போனது ஒரே ஒரு கெட்டில்.
இங்கே எல்லோரும் சிரிப்பார்கள்.
சிரிப்புக்காக நான் ஒரு மூச்சு நிறுத்துவேன்.

முதல் தாளில் அவன் முட்டாள். கிழித்தேன்.
இரண்டாவதில் புனிதன்.
எட்டிப்பார்த்த வில்டெர்,
"புனிதன்னா குளிச்சிட்டு வந்த முட்டாள், அவ்வளவுதான்" என்றான்.
அதையும்.

மூன்றாவதில் வழக்கை விட்டுவிட்டு
அவன் கைகளோடு போனேன்.

அவள் வாய் அசைகிறது, பற்பசை நுரையோடு.
சொல் எதுவும் எட்டவில்லை.
கெட்டிலைத் தூக்குகிறான்.
கனக்கிறது.
இப்போதுதான் கொதியடங்கிய தண்ணீர், கழுத்துவரை.
இதோடு மூன்று மாடி இறங்க முடியாது.
தொட்டி நிறையப் பாத்திரம்.
சுற்றிப் பார்க்கிறான்.
அலமாரியில் அவளுடைய பிளாஸ்க், வாய் திறந்து.
அதில் ஊற்றுகிறான், சிந்தாமல்.
மக்கர் பண்ணும் மூடி அது,
இடப்பக்கம் சாய்த்துத் திருக வேண்டும்.
சாய்த்துத் திருகுகிறான்.

பேனா அங்கே நின்றது.

மறுநாள் காலை நான் மாத்தே குடித்தேன்.
தினமும் குடிப்பதுதானே.
கெட்டில் இல்லாத வீட்டில்
அந்த இலைமேல் ஊற்ற
சுடுதண்ணீர் எங்கிருந்து வந்தது?
பக்கத்து வீட்டில் கேட்டிருப்பேன்.
பால் காய்ச்சும் கிண்ணத்தில் வைத்திருப்பேன்.
குடிக்காமலேகூட இருந்திருப்பேன்.
அவன் ஊற்றியதைத்தான் இப்போது கண்டேனா,
காட்சிக்குத் தேவையென்று
நானே ஊற்றிக்கொண்டேனா?
எந்தப் பக்கம் திருப்பினாலும் தாள் ஒரே மாதிரி.

"நேரம் ஆச்சு."

வாசித்தேன்.
கெட்டில் வந்த இடத்தில் பழக்கத்தில் மூச்சை நிறுத்தினேன்;
ஒருவரும் சிரிக்கவில்லை.
வெகுநேரம் கழித்து வில்டெர் கேட்டான்,
"பிளாஸ்க் என்ன நிறம்?
எழுதவே இல்லையே."

பச்சை என்றேன்.
மேசைமேல் இருந்ததை எடுத்து
வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஊற்றினேன்.
பிறகு மூடியை
இடப்பக்கம் சாய்த்துத் திருகினேன்.