பனிக்கு அடியில் இரண்டு காசு

குவோபியோவுக்கு வடக்கே ஒரு சின்னக் குளம். பிப்ரவரி.
ஒரு முழத் தடிமன் பனியைத் துளைத்துக்
கருவியை இறக்குகிறேன்.
ஆக்ஸிஜன்: பூஜ்யம்.
துடைத்துவிட்டு மறுபடி இறக்குகிறேன்.
பூஜ்யம்தான்.

கடைசி மேட்டை ஒரே தம்மில் ஏறிய ரௌனி
சறுக்குத்தடிகளை எறிந்துவிட்டு
என் பெட்டிமேல் சாய்கிறாள்.
தொடை எரிகிறதாம். கூடவே ஒரு கெட்ட வார்த்தை.
காற்று வந்து சேருமுன்
தசை அவசரக் கைமாற்று வாங்கியிருக்கிறது:
சர்க்கரைத் துணுக்கு ஒன்றுக்கு இரண்டே காசு,
வட்டி புளிப்பு.
பொறுத்திருந்தால் அதே துணுக்குக்கு
முப்பது காசு தேறும்,
மிச்சம் கரிவளியும் ஈரமுமாய் வெளியேறும்.
இதோ வெளியேறுகிறது,
அவள் கம்பளித் தொப்பியைத் தாண்டி வெண்புகையாய்.

கீழே ரூட்டானா மீனுக்குச் சாய்ந்து இளைக்கவும் வழியில்லை.
டிசம்பரிலிருந்து இரண்டு காசுக் கூலி.
கோடையில் ஈரலில் பதுக்கிய சர்க்கரையைக்
கிள்ளிக் கிள்ளிச் செலவழிக்கிறது.
புளிப்பு தேங்கினால் சாவு.
அதனால் அதைச் சாராயமாக்கிச்
செவுள் வழியே குளத்தில் விடுகிறது.

"அப்போ இதுக்கு வண்டி ஓட்ட அனுமதியில்லை"
என்கிறாள் ரௌனி. மூச்சு திரும்பிவிட்டது அவளுக்கு.
உண்மைதான்.
போலீஸ் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளும்,
ஊத மூச்சிருந்தால்.

பேசிக்கொண்டிருக்கையிலேயே துளைமேல்
பால் ஏடுபோல் பனி படிகிறது.
ஏப்ரல் வரை இனி யாரும் திறக்கமாட்டோம்.
தானே காய்ச்சி, தானே தள்ளாடும் ஒன்று
அந்த இருட்டில் ஒரு துடுப்பை அசைக்கிறது,
அல்லது
அசைக்காமல் சேமிக்கிறது.