ஈரக் கழிவு

கடைசி வரிசைக்கும் பின்னால், புரொஜெக்டருக்குக் கீழே
எனக்கு ஒரு நாற்காலி.
வகுப்பில் நான் பேசக் கூடாது.
பேசுகிறவர்களை எண்ண வேண்டும்.

நூற்றுக்கு நாற்பது வாய்க்கு,
மீதிதான் பரீட்சைக்கும் கட்டுரைக்கும்.
வாய் திறக்காதவருக்குச் சுழி.
கேஸில் இருப்பதையே திருப்பிச் சொன்னால் ஒன்று.
கணக்குப் போட்டு ஒரு காரணம் சொன்னால் இரண்டு.
வகுப்பையே வேறு பக்கம் திருப்பிவிட்டால் மூன்று.
மூன்று நான் அதிகம் எழுதியதில்லை.
அந்த வளைவு என் கைக்குப் படியவே இல்லை.

வஃபூலா எண்பது நிமிடத்தில் ஏழு முறை கை தூக்குவான்.
"கரிமி சொன்னதோடு சேர்த்து" என்று தொடங்கி
கரிமி சொன்னதையே சொல்லி உட்காருவான்.
கரிமிக்கு முழங்கையில் ஸ்பிரிங்.
ஒடுவோர், மூன்றாம் வரிசை நடு இருக்கையை
ஏழரை மணிக்கே பை போட்டுப் பிடித்துவைப்பான்;
பேராசிரியரின் பார்வை முதலில் விழும் இடமாம்,
இரண்டு வாரம் கவனித்துக் கண்டுபிடித்தது.
நஜ்மா பேசுவதற்காக மூச்சு இழுப்பது எனக்குக் கேட்கும்.
அதற்குள் யாராவது முந்திக்கொள்வார்கள்.
மூச்சுக்கு என் தாளில் கட்டம் இல்லை.

அன்று செவ்வாய். வெளியே நைரோபி மழை,
ஜன்னல் மூடியும் உள்ளே வரும் மட்டாட்டு ஹாரன்கள்.
கேஸ்: கெரிச்சோவில் ஒரு தேயிலைத் தோட்டம்.
பறிக்கும் இயந்திரம் வாங்கலாமா,
ஆட்களையே வைத்துக்கொள்ளலாமா?
அட்டவணை மூன்று: ஓர் ஆள், ஒரு நாள், முப்பத்திரண்டு கிலோ.

வாங்கலாம் என்றார்கள்.
அதையே பதினொரு விதமாகச் சொன்னார்கள்,
பலகை முழுக்க அம்புக்குறி.

ஆறாம் வரிசை ஓரத்தில் ஜெப்கெமோய்.
பருவம் முழுவதும் அவள் பெயருக்கு நேரே சுழிகள்,
அட்டையில் அடுக்கிய முட்டைகள் மாதிரி.
கிதிஞ்சி பட்டியலைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார்.

எழ வேண்டியதில்லை. எழுந்தாள்.
"முப்பத்திரண்டு இல்லை" என்றாள்.
"பள்ளி விடுமுறையில் அந்தத் தராசுப் பக்கத்தில்
கணக்கு எழுதினேன்.
கூடைக்கு இரண்டு கிலோ கழிப்போம், இலையில் ஈரம் என்று.
வெயில் காலத்திலும் கழிப்போம்.
ஓர் ஆளுக்கு நாளைக்கு நாலு கூடை.
எட்டைக் கூட்டிக்கொண்டு பாருங்கள்."

யாரோ கால்குலேட்டரைத் தட்டினார்கள்.
நாற்பது கிலோவில் இயந்திரம் நஷ்டம்.
வஃபூலாவின் கை பாதி வழியில் நின்றது.
எழுதினேன், மூன்று. வளைவு நன்றாகவே வந்தது.

"சுவாரசியமான தகவல்" என்றார் கிதிஞ்சி.
"இருந்தாலும் கேஸில் உள்ள எண்களோடு நிற்போம்."

நின்றோம்.
இயந்திரத்தை வாங்கினோம்.
மணி அடித்தது.

மாலையில் என் தாளை வாங்கிப் பார்த்தவர்
பச்சை மையில் மூன்றை அடித்து ஒன்று போட்டார்.
ஓரத்தில் குறிப்பு: கேஸுக்கு வெளியே.
கோபமில்லாமல் விளக்கமும் சொன்னார்:
இன்று ஒருத்தி தராசு கொண்டுவந்தால்
நாளை ஆளுக்கொரு தராசு வரும்,
அறுபத்தெட்டுப் பேரை
எந்த வரிசையில் நிறுத்துவது?
நியாயம்தான் என்று பட்டது, அந்த அறையில் இருந்தவரை.
எனக்கும் அவர் கையெழுத்தில்தான் சம்பளம்,
பிடித்தம் போக.

வியாழன். கேஸ்: மொம்பாசாவில் ஒரு சிமென்ட் ஆலை.
ஜெப்கெமோய் வந்திருந்தாள். கேஸைப் பிரிக்கவில்லை.
வஃபூலா தொடங்கினான், கரிமி சொன்னதோடு சேர்த்து.
கேட்டேன். எடை போட்டேன்.
ஈரத்துக்கு இரண்டு கழித்தேன்.
கரிமிக்கும் கழித்தேன்.
ஒடுவோர் அழகாகக் கணக்குப் போட்டுப் பேசினான்,
அவனுக்கும்.
தாள் முழுக்கச் சுழி விழுந்தபோது
உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன்.

மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கையில்
நஜ்மா மூச்சு இழுத்தாள்,
யாரும் முந்தவில்லை,
பேசினாள். முதல் தடவை.
சரியாகத்தான் சொன்னாள்.
கை பழகிவிட்டது, கழித்துவிட்டேன்.

வெளியே நல்ல வெயில்.