வெட்டவோ ஊனப்படுத்தவோ

இன்னும் எண்ணூற்று எழுபத்திரண்டு வருஷம் இருக்கிறதாம்.
எங்கள் வக்கீல் திருமதி என்ட்விசில்
பேனா மூடியால் அந்த வரியைத் தட்டிச் சொன்னார்:
"கவலை வேண்டாம், சொந்த வீடு மாதிரிதான்."

மாதிரி.
அந்தச் சொல்லுக்குத்தான்
இருபத்தைந்து வருஷக் கடனில் கையெழுத்துப் போட்டோம்.
போல்டனில், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த செங்கல் வரிசையில்
நாற்பத்தேழாம் எண்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு மே ஒன்றிலிருந்து
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை.
மொய்க்கு ஒரு ரூபாய் கூட்டி வைக்கிற ஊர்க்காரி நான்.
ஒன்று குறைத்து எழுதியவனை நினைத்துச் சிரித்தேன்.

இந்த வீட்டில் எலும்பு காய்ச்சக் கூடாது.
மெழுகுவத்தி வார்க்கக் கூடாது. பன்றி கூடாது.
ஞாயிற்றுக்கிழமை தெருப்பக்கம் துணி உலர்த்தக் கூடாது.
சாம்பார் பற்றி ஒன்றும் இல்லை.
பதினொன்றாம் ஷரத்து:
மண்ணுக்குடையவரின் எழுத்துமூல இசைவின்றிச்
சுவர்களை வெட்டவோ ஊனப்படுத்தவோ கூடாது.

சுவருக்கு அந்தச் சொல்லைப் போட்டவன்
வீட்டில் நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

அடுப்படிக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு சுவர்.
ஸ்லாவெக் வந்தான்,
விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான்.
"மேலே யாரோ இரும்பு உத்தரம் வைத்திருக்கிறார்கள்.
இது வெறும் பலகை. எதையும் தாங்கவில்லை."
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு
தேநீர் குடித்தான்.

மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
வெளிச்சம் என்று எழுதினேன்.
டிசம்பரில், நாலு மணி இருட்டில்,
நான் இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்க
அந்தப் பக்கம் கதிரேசன் தனியாக இருமுவான்.
அதையெல்லாம் எழுதக் கட்டம் போதாது.

கும்பகோணத்தில் நாங்கள் இருந்தது கோயில் மனை.
அடிமனை வாடகை கட்டினால் சாமி பெயரில் ரசீது.
சாமி ஒருநாளும் வரைபடம் கேட்டதில்லை.
இங்கே மண்ணுக்குடையவர்
செஷரில் ஒரு தபால் பெட்டி எண்.
வருஷத்துக்கு மூன்று பவுண்டு இருபத்தைந்து பென்ஸ்,
அந்தக் காலத்து மூன்று பவுண்டு ஐந்து ஷில்லிங்.
கடிதத்துக்குப் பதில் எழுத மட்டும்
நூற்று அறுபத்தைந்து.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.
சுவரைப் பற்றி ஒரே வரி: பரிசீலனையில்.
மற்றதெல்லாம் அடுப்படியைப் பற்றி.
எங்கள் வரைபடத்தில் அப்படி ஓர் அறை இல்லையே.

இணைத்திருந்தார்கள். சிவப்பு மசியில் வீடு,
அதன் முதுகில் கரி கொட்டும் முற்றம், ஒரு கழிவறை.
எழுபத்து நாலில் நார்மன் கட்டினார் என்கிறார்
பக்கத்து வீட்டு வினிஃப்ரெட்.
ஒரு கோடை முழுக்க, சனி ஞாயிறுகளில், தானே.
யாரையும் கேட்கவில்லை;
ஜன்னலை மட்டும் மனைவி சொன்ன இடத்தில் வைத்தார்.

ஆக, ஒன்பது மாதமாக
நான் கரிமுற்றத்தில் நின்று
லங்காஷர் மழையில் ரசம் வைத்திருக்கிறேன்.
தாளிப்பு அணையவில்லை.
அப்பளம் நமுத்துப்போகவில்லை.

தாய்ப்பத்திரம் வரைக்கும் பார்த்தாச்சு,
வில்லங்கம் இல்லை என்றிருந்தான் கதிரேசன்.
வில்லங்கம் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பின்னால் நின்று
நார்மனின் ஜன்னல் வழியே வெயில் காய்ந்தது.

அடுப்படிக்குப் பின்னேற்பு: இருநூற்று நாற்பது.
செத்துப்போன ஒருவரின் சனிக்கிழமைகளுக்காகக் கட்டினோம்.
வியாழக்கிழமைத் தபாலில்
என் அடுப்படி பிறந்தது.

சுவர் இன்னும் பரிசீலனையில்.
நேற்று, பென்சில் குறியின் நடுமையத்தில்,
காலண்டருக்காக ஓர் ஆணி அடித்தேன்.
இது வெட்டா ஊனமா
பதினொன்றாம் ஷரத்துக்குத் தெரியும்.

"என்ன சத்தம்?" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
"நுனி இங்கே வந்துவிட்டது."