அவசரகாலப் படிக்கட்டு

தீப்பிடித்தால் இறங்க என்று கட்டிய படிக்கட்டில்
நாங்கள் வேலை தேடுகிறோம்.

அதற்கொரு ஒழுங்கு இருக்கிறது, எவரும் எழுதி வைக்கவில்லை.
பதினோராம் மாடிக் கதவைத் திறந்ததும் ஆள் நின்றால்
ஒன்றும் சொல்லாமல் ஒரு மாடி கீழே போ.
அங்கேயும் நின்றால் இன்னும் ஒன்று.
குரலை அடையாளம் காணாதே,
கண்டாலும் கன்டீனில் வாய் திறவாதே.
ஒரு செவ்வாய் மதியம் ஏழு வரைக்கும் இறங்கியிருக்கிறேன்.
மேலே நாலு பேர்
“ஒரு மாத நோட்டீஸ்” என்று
மூன்று மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று பத்து.
யன்னலுக்கு வெளியே பேர வாவி,
பச்சைத் தண்ணீர், கட்டைகளில் கூழைக்கடாக்கள்.

எனக்கு எடுப்பவள் பெயர் தினூஷி. முகம் பார்த்ததில்லை.
ஆங்கிலம் பாதி, சிங்களம் பாதி.
சுகமா என்றுதான் தொடங்குவாள், பதிலுக்கு நிற்கமாட்டாள்.
அவள் அனுப்பும் படிவங்களில்
அப்பாவின் பெயருக்கு இடம் போதாது.
கனகசபாபதி உள்ளே போய்விடுவார்.
பிள்ளை எப்போதும் வெளியே நிற்கும்.

போன வருடம் ஓரிடத்தில் ஐந்து சுற்று நேர்முகம்.
வீட்டில் செய்துவர ஒரு வேலை தந்தார்கள்.
சனி ஞாயிறு இரண்டும்
வெள்ளவத்தை அறையில் ரயில் போகப் போக எழுதினேன்.
பிறகு சத்தமில்லை.
அந்த நிரல் இப்போது எங்கேயாவது ஓடுகிறதோ தெரியாது.
ஓடினால் நன்றாகத்தான் ஓடும்.

இன்றைக்குப் புதிது ஒன்று வைத்திருந்தாள்.
நிறுவனத்தின் பெயர் இப்போதைக்குச் சொல்ல ஏலாதாம்.
முன்னணி நிறுவனம். கொழும்பு இரண்டு. வாவி பார்த்த கட்டடம்.
சம்பளம் என்னுடையதில் ஒன்றரை மடங்கு,
அதிலும் பாதி டொலரில்.
“விபரம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கோ மிஸ்.”

பார்த்தேன்.
மூன்றாம் வரியில் நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்தில் ‘பொறுப்பு’ எழுதினால்
எனக்கு எப்போதும் ஓரெழுத்து விழுந்துபோகும்.
அது அங்கே விழுந்து கிடந்தது.

வாகீசன் மெல்பேணுக்குப் போன கிழமை
அவனுடைய இடத்துக்கு ஆள் எடுக்க
ருஸ்லான்தான் என்னிடம் எழுதச் சொன்னார்,
“அஞ்சு நிமிஷ வேலை, உங்களுக்குத்தானே வடிவாத் தெரியும்.”
என் பக்கத்துக் கதிரை அது.
நாலு மாதமாய் என் கைப்பை
ஒன்றரை மடங்குச் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தை மாதம் நான் கூட்டிக் கேட்டபோது
சந்தை சரியில்லை என்றார் ருஸ்லான்.
உண்மையாகவே கவலைப்பட்டார்.
கீழே கூட்டிப்போய் பிளேன்ரீ வாங்கித் தந்து
அதற்கு மேல் ஒரு பற்றீஸும் வாங்கித் தந்தார்.

“அங்கே வேலை செய்கிற ஆக்கள் எப்படி?”
தினூஷியிடம் கேட்டேன்.
“நல்ல ஆக்கள், மிஸ். கனகாலம் நிற்கிறவர்கள்.
லேசில் விட்டுப் போகமாட்டார்கள்.”

ஒரு கூழைக்கடா எழும்பிப் பறந்து
அதே கட்டையில் வந்து இறங்கியது.

“உங்கடையை அனுப்பட்டுமா?”
அனுப்புங்கோ, என்றேன்.
யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன்.
என் பெயரில் எனக்கே வரப்போகிற அந்தக் கடிதத்தை
ருஸ்லான் திறக்கிற நேரம்
நான் நாலடி தூரத்தில் இருப்பேன்,
கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு.

மேலே கதவு திறந்தது.
பதினொன்றில் ஏற்கெனவே ஆள்.
சப்பாத்துகள் ஒழுங்குப்படி இறங்கி வந்தன,
கூடவே ஒரு தாழ்ந்த குரல்:
“மூன்று மாத நோட்டீஸ்... பேசிக் குறைக்கலாம்...”
திருப்பத்தில் ருஸ்லான்.
அவர் காதில் ஒரு போன். என் காதில் ஒரு போன்.

“இன்றைக்குக் கூழைக்கடா கூட,” என்றார்.
“ஓம். மழை வரும் போல.”

“ஹலோ மிஸ், இருக்கிறீங்களா?” என்றாள் தினூஷி.

அவர் தலையசைத்துவிட்டு ஒரு மாடி இறங்கினார்.
ஒன்பதிலும் ஆள் நின்றிருக்க வேண்டும்,
சப்பாத்துச் சத்தம்
இன்னும் ஒரு மாடி கீழே போனது.