மூன்றாவது பூச்சு

கடலிலிருந்து மூன்றாவது வீடு என்றால்
வெள்ளவத்தையில் வாடகையும் கூட, கறளும் கூட.
போர்ச்சுக்குள் நாலு கட்டையில் ஏறி நிற்கிறது
என் எம்.ஜி.
ஐம்பத்தேழாம் ஆண்டு உடம்பு.
சில்லு இல்லை, கதவு இல்லை,
கண் இருந்த இடத்தில் இரண்டு குழி.
ஒவ்வொரு ரயில் போகும்போதும்
அடித்தட்டிலிருந்து ஒரு பிடி செம்பொடி
சிமெந்தில் உதிர்கிறது.
காலையில் கூட்டி அள்ளுகிறேன்.
காசு கொடுத்து வாங்கியது அதையும் சேர்த்துத்தான்.

ஓடிற் கொம்பனியில் என் நகங்களைப் பார்த்து
இப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது.
பஞ்சிகாவத்தையில் இம்தியாஸ்
ஸ்டார்லெட் எஞ்சின் ஒன்றை
பிள்ளைப்பேற்று வார்டில் காட்டுவதுபோலத்
துணி விலக்கிக் காட்டினான்.
"ஜப்பான் இதயம் அக்கா, வெள்ளைக்கார உடம்பு தாங்கும்."
தாங்கவில்லை.
மவுண்ட் இரண்டை வெட்டி ஒட்டி,
கியர்ப்பெட்டிக் குகையைச் சுத்தியலால் அகட்டி,
மூன்று போயாவைத் தியாகம் பண்ணி
ஜயசிறி பாஸ்தான் தாங்கவைத்தார்.
சீற் மாருதியுடையது.
விசிறி எந்த வாகனத்தினது என்று இம்தியாஸ் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பழங்கார்க் கழகத்துத் தயாபரன் டொக்டர்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.
செத்தவீட்டுக் குரலில் சொன்னார்:
"அசலைக் கெடுத்துப்போட்டீர், தர்மினி."
அசல் பிறேக் ஒருகாலமும் ஒழுங்காகப் பிடித்ததில்லையாம்,
அதையும் அவரே சொன்னார், பெருமையாக.

அசல் நிறமாவது மிஞ்சட்டும் என்று
மண்கடதாசியோடு குந்தினேன்.
மேலே சிவப்பு, யாரோ கலியாணத்துக்காக அடித்தது.
கீழே சாம்பல்.
அதற்கும் கீழே, இலைக்கஞ்சி நிறத்தில் ஒரு பச்சை.
கை சும்மா இருக்கவில்லை,
இலக்கத் தகட்டையும் எடுத்தேன்.
வெள்ளையில் சிங்கள ஸ்ரீ. தேய்த்தேன்.
கறுப்பு. தேய்த்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து மெல்ல
ஒரு கொம்பு, ஒரு சுழி,
தமிழில் எழும்பி வந்தது
ஸ்ரீ.

கடதாசி வாளிக்குள் விழுந்து சுருண்டது.

ஐம்பத்தெட்டைப் பற்றி எங்கள் வீட்டில்
கப்பல் என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும்.
இதை எழுதியவன் எந்த ஊரில் வைத்து எழுதினான்?
மேலே மறுபடி பூசியவன்
பயந்தவனா, வாங்கியவனா,
இரண்டும் ஒருவன்தானா?
பதிவுப் புத்தகத்தில் ஆறு சொந்தக்காரர்.
இரண்டாம் பெயர் இருந்த இடத்தில்
பூச்சி தின்ற ஓட்டை.

பாஸ் வந்து குனிந்து பார்த்தார்.
"மிஸ், இது என்ன எழுத்து?"
"அதே எழுத்துத்தான் பாஸ். எங்களுடையதில்."
அவருக்கு அறுபத்தொரு வயது.
எண்பத்துமூன்றில் இருபது.
நான் கணக்குப் படித்தவள்,
கழித்துப் பார்க்காமல் இருக்கத் தெரியவில்லை.
மண்ணெண்ணெய்த் துணியால்
விரல் விரலாகத் துடைத்தார்.
பிறகு அந்தக் கோட்டின்மேல், நகம் படாமல்,
விரலை ஓட்டிச் சொன்னார்:
"நல்ல கை. பிறஷ் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை."

நடுங்கியிருக்கிறது. கடைசிச் சுழியில்.
நான் சொல்லவில்லை.

இன்னும் தேய்த்தால் அடியில்
இன்னொரு சிங்கள ஸ்ரீ இருக்கும்,
தகட்டோடு பிறந்தது.
அதுதான் அசல், டொக்டர்.

தகடு இப்போது குசினி மேசையில்,
பாண் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில்.
நேற்று எஞ்சின் பற்றிக்கொண்டது.
திட்டுவதற்கென்று ஜன்னலைத் திறந்த
மேல்மாடி மிஸிஸ் ஜான்ஸ்
திட்டாமல் கை தட்டினார்.
கம்பிச் சில்லு நாலும் வந்தாயிற்று.
வெள்ளைப் பெயின்ற் ரின்னைத் திறந்து
சின்னப் பிறஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு
பாஸ் கேட்கிறார்:
"எதை எழுத, மிஸ்?"

முதலில் பிறேக்கைப் பார்ப்போம் என்கிறேன்.