குறிக்குப் பின்னால்

பாம்பன் சின்னப்பாலத்தில் என் ஜெராக்ஸ் கடை.
ரேஷன் அட்டை, ஆதார், மீன்துறைக்கு மனு,
இவற்றோடு அந்தக் கார்த்திகையில் ஒரு பட்டியலும் சேர்ந்தது:
அக்கரையில் பிடித்துவைத்த விசைப்படகு பதினொன்று,
ஆட்கள் எழுபத்து நாலு.
சங்கச் செயலாளர் கோடு போட்ட நோட்டில் தந்ததை
ஆளுக்கு ஒரு வரியாக அடித்து
ஒரே பக்கமாய் இணையத்தில் போட்டேன்.

நீளம் என்றால் அப்படி ஒரு நீளம்.
விரலால் தள்ளித் தள்ளித்
தன் வீட்டாள் பேர் வருவதற்குள்
ஊர்த்துக்கம் பூராவும் படித்தாக வேண்டும்.
அதனால் வரிக்கு வரி ஓர் அடையாளம் வைத்து,
முகவரியின் வாலில் ஹாஷ் குறி போட்டு,
அதற்குப் பின்னால் எண்ணைச் சேர்த்து
வீட்டுக்கு ஒன்றாய் வாட்ஸப்பில் அனுப்பினேன்.
தொட்டால் நேரே அந்த வரியில் போய் நிற்கும்.

"இதென்ன, பேலன்ஸ் பாக்கயில கடைசியா அமுக்குவமே,
அந்தக் கட்டமா?" என்றாள் எப்ராசி.
ஐஸ் கம்பெனியில் இறால் தலை கிள்ளுகிறவள்.
விரல்நுனித் தோல் வெளுத்து உரிந்து
அவள் தொட்டால் திரைக்கு உறைக்காது;
நடுவிரல் முட்டியால்தான் தொடுவாள்.

அதேதான் என்றேன்.
எங்கோ இருக்கிற பெட்டிக்குக்
குறிக்கு முன்னால் உள்ளது மட்டும்தான் போகும்.
இந்தப் பக்கத்தைக் கொடு. கேள்வி அவ்வளவுதான்.
அதுவும் எழுபத்து நாலு பேரையும் மொத்தமாய் அனுப்பிவிடும்.
குறிக்குப் பின்னால் உள்ளது போனைவிட்டு இறங்காது.
உன் கைக்குள்ளேயே இருந்துகொண்டு
உனக்கு மட்டும் இடத்தைக் காட்டும்.

"அப்ப நான் ஆரத் தேடுறேன்னு
அவுகளுக்குத் தெரியாது?"

தெரியாது.

"ஒனக்கு?"

எனக்கு எண்ணிக்கை மட்டும் வரும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவர் திறந்தார்.
ரெண்டு பத்துக்கு ஒருவர்.
வாடை கிளம்பிய அன்று விடியும்வரை நூற்றுப் பதினாறு.
யார், எந்த வரிக்கு, அது தெரியாது.

ஜெராக்ஸ் மெஷின் மூடியை
முந்தானையால் துடைத்தபடி நின்றாள்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.
புருசன் பேருக்கான இணைப்பை வாங்கிக்கொண்டவள்
இன்னொன்றும் வேண்டும் என்றாள்.
நாற்பத்தியிரண்டாம் வரி.
வேறு படகு. தங்கச்சிமடத்து ஆள்.
பேரைச் சொல்லவில்லை, எண்ணைத்தான் சொன்னாள்;
அப்படியென்றால் முதலிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

நான் பட்டியலைத் திறக்கவில்லை.
நானே அடித்தது, திறக்காமல் தெரியாதா?
இருந்தும் அந்த நேரத்துக்குப்
பக்கத்தை மட்டும் கொடுக்கிற பெட்டியாக இருந்தேன்.

ஒரு கெட்ட குணம் உண்டு இந்தக் குறிக்கு.
தேடிய இடம் பக்கத்தில் இல்லையென்றால்
இல்லை என்று சொல்லாது,
தப்பு என்று சிவப்பாய்க் காட்டாது.
பாம்பனுக்கு டிக்கெட் எடுத்த ஆளை
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே
உட்கார்த்தி வைத்ததுபோலப்
பக்கத்தின் தலைமாட்டில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கும்.

தை பிறந்து நாலாம் நாள்
இருபத்தாறு பேருக்கு விடுதலை.
சங்கத்திலிருந்து ஒருவர் போனில் வாசிக்க வாசிக்க
ஒவ்வொரு வரியாய் எடுத்தேன்.

ஒன்பது மணிக்கு எப்ராசி, இறால் வீச்சத்தோடு.
"தொட்டா மேலயே நிக்குது."
முட்டியால் இன்னொரு தரம் தொட்டுக் காட்டினாள்.
பக்கம் திறந்தது. தலைப்பில் நின்றது.
முகவரியின் வால் திரை விளிம்புக்கு அந்தப் பக்கம்
ஒளிந்திருந்தது.
எந்த இணைப்பு என்று அவளும் சொல்லவில்லை.

"நின்னா என்ன அர்த்தம்?"

வந்துட்டாக என்றேன்.

பத்து ரூபாயை மேசைமேல் வைத்தாள்.
எதற்கென்று கேட்பதற்குள்
ஜெட்டிப் பக்கம் வேகமாய் நடந்தாள்,
அப்புறம் மெதுவாய்.

அன்றைக்கு ராத்திரியும் ரெண்டு மணிக்கு
ஒருவர் திறந்தார்.