இருபதுக்குப் பத்து

தண்டையார்பேட்டை, இரவு பதினொன்று.
மெஷின் மை கக்குகிறது.
"காலைல ஆறுக்குள்ள கட்டியாவணும்ண்ணா,
பதவி ஏத்துக்கினு நேரா இங்கதான் வர்றாரு."

அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும்
ஆள்காட்டி விரல் நீண்டிருக்கிறது.
போன பங்குனியில்
மேம்பாலத்துக்குக் கீழே மைக்கோடு நின்று
அது காட்டிய திசையில்தான்
இலியாஸ் பாயின் பிரியாணி அண்டா கவிழ்ந்தது.
வெந்த சோறு தார்ச்சாலையில்
ஆவி விட்டுக்கொண்டே கிடந்தது.

இப்போது அவர்
நல்லிணக்கக் குழுத் தலைவர்.

கும்பிடும் கை என்னிடம் ஸ்டாக் உண்டு,
எல்லாக் கட்சிக்கும் அதே கைதான்.
வெட்டி ஒட்டினேன்.
மணிக்கட்டில் மட்டும் நிறம் சேரவில்லை.
தங்கக் காப்பு ஒன்றைப் போட்டு மூடினேன்.

ஓரத்தில் வளையம் அடிக்கும் சுரேந்தர் மாஞ்சிக்குத்
தமிழ் படிக்க வராது.
முகம் தெரியும்.
சுத்தியலை நிறுத்தி,
"அண்ணா, நம்மள இருக்க வுடுவாரா?" என்றான்.
"அடி, நேரமாச்சு" என்றேன்.
வேறென்ன சொல்ல.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
இரண்டு வாரமாகக் கூட்டம்.
பிறப்புச் சான்று, டி.சி.,
எப்போதோ கட்டிய கரண்டு பில் கூட.
எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.
"லேமினேட் பண்ணிடுப்பா,
எதுக்கும் இருக்கட்டும்."

விடிகாலை, கொருக்குப்பேட்டை கேட்.
சவுக்குக் கம்பில் ஏற்றிக் கட்டினோம்.
கடல் காற்று பின்னால் புகுந்ததும்
அவர் மூச்சிழுப்பதுபோல் விம்மினார்.

டீ கிளாசோடு நின்ற இலியாஸ் பாய்
வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு
என்னிடம் கேட்டார்:
"கை யாருதுப்பா?"